மடிப்பக்காவுக்குக் கருணை வேண்டாம்

ஒரு படுக்கை விரிப்பை நான்காய் மடித்து முடிப்பதற்குள் ஒரு முழு வாக்கியத்தைப் படித்து, அதன் பொருளையும் மனத்தில் வாங்கிக்கொள்ள உங்களால் முடியுமா? மடிப்பக்காவால் முடியும். உருளை இஸ்திரியிலிருந்து விரிப்பு சூடு பறக்க வழுக்கி வரும். இவர் இரண்டு முனைகளைப் பிடிப்பார். எதிரே நிற்பவர் மற்ற இரண்டையும் பிடிப்பார். ஓர் உதறு, படார் என்று ஒரு சத்தம். அந்த ஒரு கணத்தில், இடப்பக்கம் சோப்புப் பெட்டியில் சாய்த்து வைத்திருக்கும் புத்தகத்தின்மேல் கண் ஒரு முறை ஓடி வரும். இருவரும் நடந்து நெருங்கி, முனையோடு முனை சேர்ப்பதற்குள் வாக்கியம் வாயிலிருந்து வந்துவிடும். அடுத்த விரிப்பு, அடுத்த வாக்கியம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது அந்தச் சலவைக்கூடம். மடிப்பறையில் பத்துப் பேர் மடிக்கிறார்கள். ஆனாலும் ‘மடிப்பக்கா’ என்ற பெயர் ஒருவருக்குத்தான். இருபத்து நான்கு வருடங்களாக அவர் அடுக்கிய அடுக்குகளை வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் சுவர் மாதிரி இருக்கும். ஒரு நூல்கூட முன்னே பின்னே நீட்டிக்கொண்டிருக்காது. துணியில் இவ்வளவு கறாரானவர் புத்தகத்தின் பக்கத்தை மட்டும் மடிக்க விடமாட்டார். “துணியைத்தான் மடிக்கணும். பக்கத்தை மடிச்சா அது மாசக்கணக்கா முதுகு வலியோட படுத்திருக்கும்” என்பார். கிழிந்த தலையணை உறையிலிருந்து வெட்டிய எண் பட்டைதான் அவருக்குப் பக்கக் குறி.

விரிப்புக்கு ஒரு வாக்கியம் என்பது மடிப்பறையின் வழக்கமாகவே ஆகிவிட்டது. சின்ன வாக்கியங்களுக்குக் குழந்தைகள் வார்டுத் துணி. மூச்சு வாங்கும் நீள வாக்கியம் வந்துவிட்டால், “இரு, ஆபரேஷன் துணி வரட்டும்” என்று நிறுத்தி வைப்பார். வாரப் பத்திரிகைத் தொடர்கள், மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் எச்சரிக்கைத் தாள், பழைய நாவல்கள் எல்லாம் இப்படித்தான் அந்த அறையைக் கடந்து போயிருக்கின்றன. ஒரு நாவலில் கதாநாயகி ரயிலில் ஏறுவதற்குள் வேலை நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் வாரவிடுமுறை. “ரெண்டு நாளா அவ பிளாட்பாரத்துலயே நிக்கிறாளே, பாவம்” என்று ஒருவர் வீட்டில் சமைக்காமல் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவரை அங்கே எதிர்க்கை என்பார்கள். மடிப்பக்காவின் எதிர்க்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்தொன்பது வருடங்களாக எதிரே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். யாராவது இளப்பமாகப் பேசினால் போதும், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. “எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கேக்கத் தெரியும். படிச்சவங்க நிறையப் பேருக்கு அதுதானே வரமாட்டேங்குது?”

அந்த அறையில் அதிகம் படிக்கப்படும் இலக்கியம் ஒன்று உண்டு. நிர்வாகத்தின் சுற்றறிக்கை. நாலு வருடங்களுக்கு முன்னால் வந்த ஒன்றை இன்றைக்கும் அத்தனை பேரும் தலைகீழாகச் சொல்வார்கள். ‘நீண்ட நேரம் அமர்வது இடுப்புக்கும் இதயத்துக்கும் கேடு என்பதால், பணியாளர் நலன் கருதி, மடிப்பறையிலுள்ள நாற்காலிகள் அகற்றப்படுகின்றன.’ எவ்வளவு பணிவு! எவ்வளவு அக்கறை! அன்று சாயங்காலம் பத்து நாற்காலிகளும் மேலே போயின. மேலே அவற்றில் உட்கார்ந்தவர்களின் இடுப்பைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் கவலைப்படவில்லை. அன்றிலிருந்து மடிப்பக்காவின் அகராதியில் ஒரு புதிய பொருள் ஏறியது. “நலன் கருதின்னு ஆரம்பிச்சா நாற்காலி போகப்போகுதுன்னு அர்த்தம்.”

ஏழ்மை தலையெழுத்தால் வருகிறது என்று இன்னமும் சொல்லித் திரிகிறவர்கள் ஒரு நாள் அந்த அடித்தளத்துக்கு இறங்கி வரவேண்டும். கட்டண வார்டு விரிப்பு ஐம்பது சலவைக்கு மேல் நைந்தால் இலவச வார்டுக்குப் போகும். இலவச வார்டில் கிழிந்தால் தரை துடைக்கப் போகும். யார் எதில் படுக்க வேண்டும் என்பதை வானத்தில் யாரும் எழுதவில்லை. மேசை முன்னால் உட்கார்ந்து ஒருவர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்தத் தாளைப் படித்தவர் மடிப்பக்கா.

நாற்பத்தாறு வயதில் அவர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குத் தனியாகப் படிக்க உட்கார்ந்ததற்கும் ஒரு தாள்தான் காரணம். மடிப்பறை மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். இந்த மாதக் கடைசி வெள்ளி கடைசி நாள். இருபத்து நான்கு வருடங்களில் மேற்பார்வையாளர் விடுப்பில் போனபோதெல்லாம் அந்த வேலையைப் பார்த்தது யார் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள், விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மடிப்பக்காவின் கணவர் அதே ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். “நான் ஒரு நாளைக்கு நூறு தடவை மேல போறேன், எனக்கு எவனும் சர்ட்டிஃபிகேட் கேக்கல. நீ ஒரு படி ஏறணும்னா மட்டும் பன்னெண்டாங்கிளாஸா?” என்று சிரித்தார். சிரித்தாலும், தேர்வுக் கட்டணத்தைக் கட்ட வரிசையில் நின்றவர் அவர்தான்.

மற்றப் பாடங்கள் தேறிவிட்டன. மொழிப்பாடத்தில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பூதத்தின் பெயர் ‘வீணாகும் பசி’. எப்போதோ ஒருவர் எழுதிய பழைய கட்டுரை, பாடநூலில் கடைசிக்கு முந்தின பாடம். அதில் ஒரு கனவான் நிதானமாகப் பேசுகிறார். வசதியுள்ளவர்கள் பசி எடுக்காமல் அவதிப்படுகிறார்களாம். ஏழைகளிடமோ பசி தேவைக்கு மேல் குவிந்து, யாருக்கும் பயனில்லாமல் வீணாகிறதாம். ஆகவே ஒவ்வொரு பெரிய வீட்டின் சாப்பாட்டு அறையிலும் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்து, அதற்குப் பின்னால் ஓர் ஏழைக் குடும்பத்தை நிறுத்திவிட வேண்டும். அவர்கள் பார்க்கப் பார்க்க, சாப்பிடுகிறவர்களுக்குப் பசி தானாகக் கிளம்பும். இதனால் விளையும் நன்மைகள் ஆறு என்று எண்ணிக்கையிட்டு அடுக்குகிறார்.

விரிப்புக்கு ஒரு வாக்கியமாகப் படித்ததில்தான் வம்பு வந்தது. கண்ணாடித் தடுப்பு வாக்கியத்தோடு அன்றைய வேலை நேரம் முடிந்தது. எதிர்க்கை கையிலிருந்த முனைகளை அப்படியே கீழே போட்டார்.

“எந்தப் படுபாவிடி இதை எழுதினது? இவனை இந்த உருளைக்குள்ள விட்டு அந்தப் பக்கம் எடுக்கணும்!”

“பாடப்புத்தகம்டி. பரீட்சைக்கு வரும்.”

“வந்தா? எங்க அம்மா சாப்பாட்டுக் கடை கண்ணாடிக்கு வெளிய பசியோட நின்னுதான் செத்தா. இதை நீ படிச்சுதான் பாஸாகணும்னா நீ ஃபெயிலாயிடு. இனிமே ஒரு வரி படிச்சே, நான் வேற ஆளுக்கு எதிர்க்கையாப் போயிடுவேன்.”

மூன்று நாள் அந்த அறையில் வாக்கியமே கேட்கவில்லை. துணி உதறும் சத்தம் மட்டும்தான். மடிப்பக்காவும் எழுதினவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தார். நாலாம் நாள், தேர்வு நெருங்குகிறதே என்று பயந்து, எதிர்க்கையிடம் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி ஆரம்பித்தார். பத்துப் பன்னிரண்டு விரிப்பு போயிருக்கும். ‘கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர்களின் நலன் கருதி, அங்கே இருக்கை எதுவும் போடலாகாது, உட்கார்ந்தால் பசி மந்தப்படும்’ என்று ஒரு வாக்கியம் வந்தது.

வாக்கியம் முடிந்தும் இருவரும் நெருங்கி வரவில்லை. விரிப்பு நடுவில் தொங்கியது. முதலில் வாய் திறந்தவர் எழுதப் படிக்கத் தெரியாதவர்.

“ஏய்... நாற்காலி!”

மடிப்பக்காவுக்குப் பொறி தட்டியது. “அடியே, இவன் நம்ம சர்குலர்காரன்டி! எழுதினவன் வேற, பேசறவன் வேற. எழுதினவன் இந்தக் கனவானைப் பேசவிட்டு, பேசவிட்டு, அவன் வாயாலயே அவன் தோலை உரிச்சிருக்கான். நாம மூணு நாளா உரிச்சவனைப் போய்த் திட்டிட்டிருந்தோம்.”

“அப்ப நான் குடுத்த சாபம்?”

“வாபஸ் வாங்கிக்க.”

“வாங்கிட்டேன். நீ படி. அந்தப் பேமானி இன்னும் என்னென்ன சொல்றான்னு பாப்போம்.”

அதற்குப் பிறகு ஒவ்வொரு நன்மைக்கும் அறையே சிரித்தது. மூன்றாவது நன்மைக்கு ஒருவருக்குப் புரையேறியது. ஓர் இடத்தில் அந்தக் கனவானுக்கே கோபம் வருகிறது. ‘அவர்களுக்குச் சாப்பாடு போட்டால் என்ன என்று கேட்பவர்கள், வளர்ந்துவரும் கண்ணாடித் தொழிலை அழிக்க வந்தவர்கள்’ என்கிறார். அந்த வரியை மட்டும் மடிப்பக்கா இரண்டு விரிப்புக்குப் படித்தார். சிரிப்பு நின்றது. “இந்த ஒரு கேள்வி நம்ம வாயில வரணும்னுதான் அவன் மொத்தத்தையும் எழுதியிருக்கான்” என்றார்.

தேர்வில் அந்தப் பாடத்திலிருந்தே கேட்டார்கள். ‘கட்டுரையாளரின் வாதங்களை விளக்குக. பத்து மதிப்பெண்கள்.’ மடிப்பக்கா மூன்று பக்கம் எழுதினார். பேசுகிறவரும் எழுதியவரும் ஒருவர் அல்லர் என்று தொடங்கினார். கனவானின் ஆறு நன்மைகளையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யாருக்கு நன்மை?’ என்று கேட்டு விடையும் எழுதினார். அவர் குரல் ஏன் இவ்வளவு சாந்தமாக இருக்கிறது என்பதற்குச் சுற்றறிக்கையை உதாரணம் காட்டினார். கட்டுரை முழுவதிலும் ஓர் ஏழைகூட வாய் திறக்கவில்லை, அவர்களை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதுவே எழுதியவரின் பெரிய வாதம் என்று முடித்தார்.

கிடைத்தது முட்டை. ஓரத்தில் சிவப்பு மையில் ‘கட்டுரைக் கருத்துக்கு முரண்’. மொத்தம் முப்பத்தொன்று, தேற முப்பத்தைந்து வேண்டும்.

விடைத்தாளின் நகலையும் விடைக்குறிப்பையும் கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. குறிப்பை எழுதியவர் கனவானை அப்படியே நம்பிவிட்டார்! ஏழைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்துவதால் விளையும் ஆறு நன்மைகளை வரிசையாக எழுதினால் முழு மதிப்பெண். யோசித்துப் பாருங்கள். இது அநியாயம் என்று எழுதியவருக்குப் பூஜ்யம். இதனால் ஆறு நன்மை என்று ஒப்பித்தவருக்குப் பத்துக்குப் பத்து. படித்தவர்கள் கூடிச் செய்த காரியம் இது. பேனா பிடித்த எத்தனை கைகளைத் தாண்டி வந்திருக்கிறது! ஒரு கையாவது நடுங்கியிருக்க வேண்டாமா?

மறுமதிப்பீட்டு அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. அங்கே லிஃப்ட் பழுது. மடிப்பக்கா ஏறினார். அதிகாரி கெட்டவர் அல்லர். எழுந்து நின்று நாற்காலி காட்டினார், தண்ணீர் வரவழைத்தார்.

“உங்க பேப்பரை நானே உக்காந்து படிச்சேம்மா. ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. ஆனா விடைக்குறிப்புன்னு ஒண்ணு இருக்கே.”

“குறிப்பு எழுதினவர் கட்டுரையைப் படிச்சாரா சார்?”

அதிகாரி மேசையைப் பார்த்தார். “என்னை மாட்டிவிடாதீங்கம்மா. உங்களை மாதிரியே எழுதி முட்டை வாங்கினவங்க இன்னும் பதினோரு பேர் இருக்காங்க.”

“அவங்களுக்கு?”

“அவங்க யாரும் மனுப் போடலையே. நீங்க போட்டிருக்கீங்க. உங்க நலனுக்காக ஒரு வழி சொல்றேன் கேளுங்க. உழைக்கிற பெண்கள்னு ஒரு பிரிவு இருக்கு. அதுல உங்களுக்கு நாலு கருணை மதிப்பெண் போட்டுடலாம். இந்தப் படிவத்துல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். ஒண்ணு, இன்னிக்கே நீங்க பாஸ். ரெண்டு, வெள்ளிக்கிழமைக்குள்ள விண்ணப்பம் போட்டுடலாம். மூணு, குறிப்பு எழுதினவருக்குச் சங்கடமில்ல. நாலு, பழைய பேப்பரையெல்லாம் கிளற வேண்டாம்...”

சொல்லச் சொல்ல மடிப்பக்கா விரல் மடித்துக்கொண்டே வந்தார். நாலு விரல் மடிந்தது. கட்டை விரல் மட்டும் நின்றது.

“அஞ்சாவது என்ன சார்?”

“ஏம்மா சிரிக்கிறீங்க?”

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க நல்லவர்தான். அவரும் நல்லவராத்தான் பேசுவாரு.”

“எவரு?”

“கட்டுரையில வர்றவரு.”

அதிகாரியின் முகம் சிவந்தது. மடிப்பக்கா படிவத்தை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு அதை மேசையில் அவர் பக்கமாகவே நகர்த்தினார். “நான் எழுதினது தப்புன்னா ஃபெயிலாவே இருந்துட்டுப் போறேன். சரின்னா பத்துக்குப் போடுங்க. ரெண்டுக்கும் நடுவுல கருணை எதுக்கு சார்? எங்க மடிப்பறையில அழுக்கு போகலைன்னா திரும்பத் துவைக்க அனுப்புவோம். அழுக்கு தெரியாத மாதிரி மடிச்சு வெக்கமாட்டோம்.”

அதிகாரி அலமாரியைத் திறந்து, யாரும் புரட்டியிராத ஒரு விதிப் புத்தகத்தை எடுத்தார். அவருடைய குற்ற உணர்ச்சிக்கும் ஒரு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். விடைக்குறிப்பு தவறு என்று நூறு பேர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தால், நிபுணர் குழு அதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டுமாம். “கடைசி வியாழக்கிழமை குழு கூடுது. அதுக்குள்ள முடியுமா உங்களால?” என்றார். அதற்கு மடிப்பக்கா வேறொன்று சொன்னார்: “ஆறு நன்மை எழுதினவங்க மார்க்கைப் பிடுங்கிடாதீங்க சார். அவங்களுக்கு அதை யாரும் சரியா நடத்தல, அவ்வளவுதான்.”

வீட்டில் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நாலு மார்க்குக்காக நாலு மாடி ஏறி, குடுக்க வந்தவர்கிட்டயே வேணாம்னுட்டு வந்திருக்கே. வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழியை உடைக்கிறது?”

“அது வெண்ணெய் இல்லைங்க. பிச்சை.”

“எங்க வீட்டு ராணிக்குப் பிச்சை வேணாமாம்” என்று முணுமுணுத்தபடி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மத்தியானம் மார்பை நிமிர்த்திக்கொண்டு மடிப்பறைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். இருபத்து மூன்று கையெழுத்துகள். ஒரே காலையில், லிஃப்டில் ஏறி இறங்கினவர்களிடம் வாங்கியது. இரண்டு டாக்டர்கள்கூட உண்டு.

“எல்லாரும் கட்டுரையைப் படிச்சாங்களா?”

“லிஃப்ட்ல எங்கே நின்னு படிக்கிறது? ‘என் சம்சாரத்துக்கு ஒரு உதவி’ன்னேன். பாவம்னு போட்டாங்க.”

மடிப்பக்கா அந்தத் தாளை நான்காக மடித்தார். பிறகு மடிப்பிலேயே கிழித்தார். “படிக்காம போட்ட முட்டையும் படிக்காம போட்ட கையெழுத்தும் ஒண்ணுதாங்க.”

அன்று பிற்பகலிலிருந்து அந்த லிஃப்டில் ஏறுகிறவர்களுக்கு ஒரு புது உபத்திரவம் தொடங்கியது. மாடிக்கு ஒரு பத்தி வீதம், ‘வீணாகும் பசி’ கணவரின் உரத்த குரலில் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் மாடிக்குப் போக வேண்டிய எலும்பு டாக்டர் ஒருவர், முடிவு தெரியாமல் இறங்கமாட்டேன் என்று மூன்று முறை மேலும் கீழும் போய் வந்தார். கடைசியில் சலவைக்கூடத்துக்கே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார். எதிர்க்கைக்கு எழுத வராதே? கட்டுரை முழுவதையும் ஒரு வரி பிசகாமல் ஒப்பித்துவிட்டுக் கட்டை விரலை மையில் அழுத்தினார். “படிச்சுட்டுத்தான் போடணும்னு சட்டம்னா, எல்லாரையும்விட முதல் உரிமை எனக்குத்தான்” என்றார். பட்டியலில் முதல் ஆள் அவர்.

இதை எழுதும்போது அறுபத்தொன்று சேர்ந்திருக்கிறது. வியாழனுக்கு இன்னும் ஆறு நாள். அதற்கு மறுநாள் விண்ணப்பம் முடிகிறது. முப்பத்தொன்பது பேர் வேண்டும். மடிப்பக்காவுக்காக மட்டும் இல்லை, முகம் தெரியாத அந்தப் பதினோரு பேருக்காகவும்தான். இரக்கப்பட்டு வருவதாக இருந்தால் வர வேண்டாம். அங்கே அதற்கு விலை போகாது. கோபப்பட்டு வாருங்கள். ஆஸ்பத்திரியின் பின்வாசல், பத்துப் படி இறங்கினால் சலவைக்கூடம், மத்தியானம் ஒரு மணிக்கு மடிப்புப் பலகை காலியாக இருக்கும். உட்கார நாற்காலி கிடையாது. நின்றுகொண்டே படியுங்கள், எட்டுப் பக்கம்தான். அவசரத்தில் பேனாவைத் திறந்துகொண்டு குனிந்தீர்களானால், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை மடிப்பக்கா தம் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்றக் கையால் கட்டுரையை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார்.